நர்சம்மா கட்டிய கட்டு

குதிகால் வலி அனுசியாவுக்கு விடிகாலையில்தான் கூடுதல். கட்டிலை விட்டிறங்கிக் காலைத் தரையில் ஊன்றியதும் ஆணியை மிதித்த மாதிரிச் சுரீரென்று ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை நொண்டிப் போய்த் திரும்பினால் கொஞ்சம் இளகும். ஆஸ்பத்திரி வார்டில் நின்றே கழிந்த வருஷங்கள் கொடுத்த வலி. எம்.எல்.ஏ. ஆகிவிட்டால் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, குறைந்துவிடும் என்று நினைத்தாள். குறையவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் சேர்ந்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ராஜபாளையத்தில் அவள் வீட்டு வாசலில் வெளிச்சம் வருவதற்குள் ஆள் வந்துவிடும். சாக்கடை, பட்டா, முதியோர் பென்ஷன் என்று மனுவோடு வருகிறவர்கள் பாதி. மனுவை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் சட்டையைத் தூக்கி முதுகுக் கட்டியைக் காட்டுகிறவர்கள் மீதி. அனுசியா தேவதானத்தில் நர்ஸாக ஆரம்பித்து, வத்திராயிருப்பில் இருந்து, கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாகி வேலையை விட்டவள். மலையடிவாரத்து ஊர்களில் அவள் கையால் ஊசி வாங்காத உடம்பு குறைவு.

அவள் கை ராசியான கை என்று பேர். அவள் ஊசி போட்டால் காய்ச்சல் இறங்கும். அவள் கட்டுப் போட்டால் புண் ஆறும். டாக்டர் எழுதுகிற மருந்து அதேதான், போடுகிற கைதான் வேறு என்று அவளே பல தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. கட்சி அவளுக்கு சீட்டுக் கொடுத்ததும் அந்தப் பேருக்காகத்தான். பிரசாரத்தில் ஜீப்பை விட்டிறங்கி, “என்னய்யா, நான் போட்ட ஊசி வலிச்சதா?” என்று கேட்பாள். “இல்லம்மா” என்று கூட்டம் சிரிக்கும். அவ்வளவுதான் பேச்சு. ஜெயித்துவிட்டாள்.

“அக்கா, இது எம்.எல்.ஏ. ஆபீசா, ஓ.பி. சீட்டு குடுக்குத எடமா?” என்று பெலிக்ஸ் தினமும் சலித்துக்கொள்வான். அவளுடைய உதவியாளன். போனும் டைரியுமாக வாசலுக்கும் காருக்கும் நடந்துகொண்டே இருப்பான்.

“செத்த நேரம் இருல. இந்தப் புண்ணத் தொடச்சுட்டு வாரேன்.”

“கலெக்டர் மீட்டிங்கு பத்து மணிக்கு.”

அவள் கணவர் ஐயாதுரை பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பருக்குப் பின்னால் இருந்தே பேசுவார். “விடப்பா பெலிக்ஸு. அவ கையில டெட்டால் வாடை போயிருச்சுன்னா அடுத்த மட்டம் டெபாசிட்டும் போயிரும்.”

“நீங்க சும்மா இருங்க” என்பாள் அனுசியா. ஆனால் அவளுக்கும் அது தெரியும். அதைவிட, மனு வாங்குகிற நேரத்தில் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு விளங்குவதில்லை. மனு எங்கோ போகும், என்றோ பதில் வரும். புண்ணைத் துடைத்தால் துடைத்தது தெரியும்.

அப்படி வந்தவன்தான் சத்திரப்பட்டி சந்தனம். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் வேலை. ஐம்பது வயது, சர்க்கரை முற்றியவன். தறிக்கூடத்தில் செருப்பில்லாமல் நிற்கிற பழக்கம். ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் சிமெண்டுத் தரையில் அடிக்கு அடி ரத்தம் பதிந்திருந்ததைப் பார்த்து அவன் மனைவி பாண்டிசெல்விதான் அலறினாள். வலது உள்ளங்காலில் ஒரு இரும்புத் துண்டு ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஷிஃப்ட் முழுக்க அதோடேயே நின்றிருக்கிறான்.

பாண்டிசெல்வி பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அனுசியா காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏப்பா, இதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க வந்திருக்க?”

“ஆஸ்பத்திரியில நீங்க இல்லியே நர்சம்மா.”

“நல்லா பேசுத. சக்கரை மாத்திரை ஒழுங்காத் திங்கியா?”

“திங்கேன்.”

“பொய்யி” என்றாள் பாண்டிசெல்வி. “நாந்தான் வாய்க்குள்ள போடணும். இவியளுக்குன்னு கேப்பக் களி கிண்டி வச்சா, டீக்கடையில போயி ரெண்டு சுசியத்த முழுங்கிட்டு வந்து, பசிக்கலங்காவ.”

“ஒண்ணுதான் தின்னேன்.”

“எண்ணிப் பாத்தேன்னு கடக்காரரே சொன்னாரு.”

அனுசியா சிரித்துக்கொண்டே இரும்புத் துண்டை உருவிவிட்டுப் புண்ணைத் துடைத்தாள். பேண்டேஜைச் சுற்றும்போது சந்தனம் குனிந்து துணியைத் தடவிப் பார்த்தான். “இது எங்க கூடத்துத் துணிதான் நர்சம்மா. ஓரத்தப் பாத்தாலே தெரியும்.”

அவ்வளவு ஆசையாக ஒரு நோயாளி கட்டைப் பார்த்து அவள் கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு சர்க்கரைக்கு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினாள். டாக்டரைப் பார்த்தார்கள். மருந்து வாங்கினார்கள். ஆனால் கட்டு மாற்ற மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் இங்கேதான் வந்தார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புண் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வைத்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனி பிறந்து மலைப்பக்கம் சாரல் விழ ஆரம்பித்தபோது சட்டசபை கூடியிருந்தது. இடையில் ஊருக்கு வந்திருந்தவள் மறுபடியும் சென்னைக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அன்றைக்குச் சந்தனத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

“நாளக்கழிச்சு வந்துருவேன். அதுவரைக்கும் நனையக் கூடாது. யாரும் தொட வேண்டாம். நான் வந்து அவுக்கேன்.”

“சரிக்கா” என்றாள் பாண்டிசெல்வி.

வார்டில் நர்ஸாக இருந்தபோதும் இதே பேச்சைத்தான் எல்லாரிடமும் சொல்லுவாள். அப்போது பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துப் பார்ப்பார்கள், மஞ்சளைக் குழைத்து வைப்பார்கள், வேறொருத்தியிடம் காட்டுவார்கள். இப்போது சொன்னது எம்.எல்.ஏ. அந்த வித்தியாசம் அவள் மனசில் அப்போது படவில்லை.

சென்னையில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதம் தள்ளிப் போனது. அதில் பேச அவளுக்குக் கட்சி நேரம் கொடுத்திருந்தது. ஜெயித்து வந்ததிலிருந்து அவள் காத்திருந்த வாய்ப்பு. நர்ஸ்களுக்காகப் பேச வேண்டும், சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணுக்காகப் பேச வேண்டும். இருந்துவிட்டாள்.

சத்திரப்பட்டியில் சந்தனம் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தான். சாரல் காற்றில் வெளுத்த துணி காயவில்லை என்று தறிக்கூடங்களில் வேலை மந்தம். பேச ஆள் நிறைய இருந்தது.

“கால்ல என்னடே?”

“எம்.எல்.ஏ. கட்டுன கட்டு.”

“கட்டுக்கு ஓப்பனிங் எப்ப? ரிப்பன் வெட்டுவாங்களா?”

“சிரிங்கல. ஒங்க கால யாரு மடியில தூக்கி வச்சா?”

அவன் கட்டின் மேல் பாலிதீன் பையைச் சுற்றி நூல் போட்டு வைத்திருந்தான். சாரலில் நனையக் கூடாதல்லவா.

பாண்டிசெல்வி வீட்டில் பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டுகிற வேலை செய்கிறவள். மடியில் துணியும், பக்கத்தில் அடுக்கிய உருளைகளுமாக உட்கார்ந்திருப்பாள். எம்.எல்.ஏ. வருவதாகச் சொன்ன நாள் தாண்டியது. அதற்கு அடுத்ததும் தாண்டியது. சுகாதார நர்ஸ் காளீஸ்வரி தெருவுக்குள் வந்தபோது, பாண்டிசெல்வி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“செத்த பாரேன். இம்புட்டு நாளைக்கு ஒரே கட்டு இருக்கலாமா?”

“இருக்கவே கூடாது. அண்ணே, கால நீட்டுங்க.”

சந்தனம் காலை இழுத்துக்கொண்டான். “நர்சம்மா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ.”

“நானும் நர்சுதாம்ணே.”

“இல்லேங்கல. அவிய கட்டுனத அவியதான் அவுக்கணும். ராசிக்காரவிய போட்ட கட்டுல வேற கை படக்கூடாது.”

“இதெல்லாம் யாரு சொன்னா ஒங்களுக்கு?”

“யாரு சொல்லணும்? வலியே இல்லம்மா. சுத்தமா வலி இல்ல. நல்லா ஆறிக்கிட்டு இருக்கு. எதுக்குக் கெடுக்கணும்?”

காளீஸ்வரி பாண்டிசெல்வியைப் பார்த்தாள். எம்.எல்.ஏ. வைத்தியத்தில் கை வைத்ததாக நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் வேலைக்கு ஆபத்து என்று அவளுக்கும் யோசனை. “எதுக்கும் அக்காவுக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுருங்க” என்று வாசலில் நின்றுவிட்டுப் போனாள்.

பாண்டிசெல்வி போன் போட்டாள். பெலிக்ஸ் எடுத்தான்.

“அண்ணே, சத்திரப்பட்டிச் செல்வி பேசுதேன். இவிய கட்ட அவுக்கவான்னு அக்காட்ட கேட்டுச் சொல்லுங்க. நாளாச்சு.”

“வலிக்குதுங்காங்களா?”

“வலி இல்லங்காவ.”

சட்டசபை வளாகத்தில் அனுசியா படியேறிக்கொண்டிருந்தாள். குதிகால் குத்தியது. கையில் பேச வேண்டிய குறிப்பு. பெலிக்ஸ் போனைப் பொத்திக்கொண்டு சொன்னான்.

“சத்திரப்பட்டிச் சந்தனம் வீட்ல இருந்துக்கா. வலியே இல்லையாம். கட்ட அவுக்கலாமான்னு கேக்காங்க.”

“வலி இல்லையா? நல்லது. வெள்ளிக்கிழமை வந்துருவேன், நானே பாத்துக்கிடுதேன்னு சொல்லு.”

சர்க்கரைக்காரன் காலில் வலி இல்லை என்று யாராவது சொன்னால், அது நல்ல சேதி இல்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அவளே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குப் படியேறும்போது அது ஞாபகம் வரவில்லை.

அவள் பேசினாள். நன்றாகவே பேசினாள். “என் தொகுதியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தொழிலாளி. ஊருக்கெல்லாம் கட்டுத் துணி நெய்கிற அவர் காலுக்குக் கட்டுப் போட அந்த ஊரில் ஆள் இல்லை. நானே என் கையால் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். புண் ஆறி வருகிறது. ஆனால் எத்தனை பேருக்கு நான் கட்ட முடியும்?” இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். ஊர்ப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கால் புண்ணுக்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்டாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.

அந்தத் துண்டுப் பேச்சு வாட்ஸப்பில் சாயங்காலமே சத்திரப்பட்டிக்கு வந்துவிட்டது. டீக்கடையில் ஆளுக்கு ஆள் போனைத் திருப்பிக் காட்டினார்கள்.

“சந்தனம், ஒங்காலு சட்டசபைக்குப் போயிருச்சுடே!”

சந்தனத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்து பாண்டிசெல்வியிடம் போனை நீட்டினான். “பாத்தியா? எங்காலப் பத்திப் பேசுதாவ.”

அவள் துணி சுருட்டுகிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

“என்ன வாட அடிக்கி?”

“சாக்கடையா இருக்கும்.”

“சாக்கடை இல்ல. நேத்து இருந்தே அடிக்கி.” அவள் குனிந்து அவன் காலிடம் போனாள். “நான் அவுக்கப் போறேன்.”

“தொட்ட, பாத்துக்க! ஊரே பாக்கு. வெள்ளிக்கெழம வாராவ. ஒரு நாளு பொறுத்துக்கிட மாட்டியா?”

அவள் பொறுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவனுக்குக் குளிர் எடுத்தது. சாரல் காற்று என்றான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை அனுசியா பொதிகை எக்ஸ்பிரஸில் வந்திறங்கினாள். வீட்டுக்குப் போகாமல் நேரே சத்திரப்பட்டிக்குக் காரை விடச் சொன்னாள். பேச்சு நன்றாக வந்த சந்தோஷம் இருந்தது. பெலிக்ஸ் போட்டோ எடுக்க போனைத் தயாராக வைத்திருந்தான். தெருவில் தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. கஞ்சி போட்ட நூலின் புளித்த வாடை. அதற்கெல்லாம் பழகிய மூக்கு அவளுக்கு. சந்தனத்தின் வீட்டு நிலையில் கை வைத்ததும் நின்றுவிட்டாள்.

“பெலிக்ஸு, போனை உள்ள வையி.”

சந்தனம் காய்ச்சலில் முகம் மினுங்கச் சிரித்தான். “சொன்னபடி யாரையும் தொட விடல நர்சம்மா.”

அவள் நூலை அறுத்து, பாலிதீனை உருவி, கட்டை அவிழ்த்தாள். கடைசிச் சுற்றுத் துணி சதையோடு வந்தது. மூன்று விரல்கள் கறுத்திருந்தன. கறுப்பு பாதத்தின் நடுவரை ஏறியிருந்தது. சந்தனம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அது நர்ஸ் பழக்கம்.

“கார்ல ஏறு சந்தனம்.”

“எங்க?”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு.”

“ஆறிருச்சா?”

“ஏறுப்பா.”

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்த சர்ஜன் இருந்தார். காலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. திரும்பினால் எதிரே நின்றது பாண்டிசெல்வி.

“ஏம்மா, புருஷன் கால் இப்படி அழுகுற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்த? வீட்ல ஒருத்தருக்கும் மூக்கு இல்லையா? சக்கரைக்காரன் கட்ட இத்தனை நாள் மாத்தாம வைப்பாங்களா?”

பாண்டிசெல்வி அனுசியாவைப் பார்த்தாள். அனுசியா பக்கத்தில்தான் நின்றாள். நான்தான் தொட வேண்டாம் என்று சொன்னேன் டாக்டர் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய்க்குள் வந்தது. சுற்றிலும் பழைய நர்ஸ்கள், வார்டு ஆட்கள், வணக்கம் வைக்க வந்த இரண்டு கட்சிக்காரர்கள்.

“மேடம், நீங்க உடனே கூட்டிட்டு வந்ததால உயிருக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆளே இருக்க மாட்டாரு” என்றார் சர்ஜன்.

அனுசியா தலையை ஆட்டினாள்.

மத்தியானம் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில், தறித் தொழிலாளியைத் தன் காரிலேயே ஏற்றி வந்து காப்பாற்றிய எம்.எல்.ஏ. என்று செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு ஐயாதுரை பேப்பரை மடித்து வைத்தார்.

சந்தனம் வீட்டுக்கு வந்தபின் அனுசியா போனாள். அவன் காலுக்கு ஏற்ற மாதிரி செய்யச் சொல்லி வாங்கிய செருப்பு, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான ஏற்பாடு, உட்கார்ந்தே பார்க்கிற வேலைக்கு ஒரு தறிக்கூட முதலாளியிடம் சொல்லி வைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனம் கையெடுத்துக் கும்பிட்டான்.

“நீங்க இல்லேன்னா நான் போயிருப்பேன் நர்சம்மா. தலையெழுத்து, சக்கர வியாதி காலத் தின்னுட்டு.”

“நீ பேசாம படு” என்றாள் பாண்டிசெல்வி. அவள் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டிய உருளையை உள்ளங்கையால் அமுக்கி அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். “காப்பி போடவாக்கா?”

“வேண்டாம் செல்வி. ஒங்கிட்டப் பேசத்தான் வந்தேன்.”

“பேசுங்க.”

அனுசியா சுருட்டிய உருளை ஒன்றைக் கையில் எடுத்தாள். பாண்டிசெல்விதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“தண்ணி எடுக்கப் போனா, ‘புருசங்கால அழுக விட்டவ’ங்காளுவ. அவிய தங்கச்சி வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, ‘எங்கண்ணனுக்குச் சோத்த ஆக்கிப் போட்டே கொன்னுருப்பா, எம்.எல்.ஏ. வந்து காப்பாத்துனா’ங்கா. கேப்பக் களி கிண்டிக் கிண்டி எங்கையி காச்சுப் போயிருக்கு. இந்தா பாருங்க.”

அனுசியா அந்தக் கையைப் பார்த்தாள்.

“டாக்டரு ஏசும்போ நீங்க பக்கத்துலதான் நின்னிய. சொல்லுவியன்னு பாத்தேன்.”

“தப்புதான் செல்வி. எம்மேலதான் தப்பு. நான் அப்படிச் சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாது. போன் வந்தப்பவாவது சுதாரிச்சிருக்கணும்.”

“இத இங்கன சொல்லி என்னக்கா செய்ய? இங்க நானும் இவியளும்தான் இருக்கோம். எனக்குத்தான் தெரியுமே.”

“ஊர்ல நாலு பேருகிட்ட வேணும்னா…”

“நாலு பேருகிட்டயா பேசுனிய? சட்டசபையில பேசுனிய. கட்டுப் போட ஊர்ல ஆள் இல்லேன்னு. காளீஸ்வரி இந்த வாசல்ல நின்னுட்டுப் போனா. அந்தப் புள்ளைக்கி எம்புட்டு வருத்தம். எங்க வீட்டுக்காரரு கால வச்சுப் பாதிக் கதைதான் பேசியிருக்கிய. மிச்சத்தையும் அங்கனயே பேசுங்க. அந்த போன்ல எல்லாரும் பாக்கட்டும்.”

“ஏட்டி!” என்றான் சந்தனம் படுத்த இடத்திலிருந்து. “யார்கிட்டப் பேசுத?”

“நம்ம காலக் கழுவித் தொடச்சவுககிட்டதான் பேசுதேன். அவியகிட்டப் பேசாம வேற யார்ட்டப் பேச?”

அனுசியா எழுந்தாள். எழும்போது குதிகால் குத்தி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பாண்டிசெல்வி துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் முழங்கையைத் தாங்கினாள்.

“வெந்நீர்ல உப்புப் போட்டு வைங்கக்கா. சும்மா விடாதிய.”

“பேசுதேன் செல்வி” என்றாள் அனுசியா. “அடுத்த கூட்டத்துல பேசுதேன்.”

அடுத்த கூட்டம் ஐப்பசி மழையில் கூடியது. ரயிலில் போகும்போதே அவள் அந்த நாலைந்து வாக்கியங்களை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். பேச நேரமும் கிடைத்தது. எழுந்தாள். சத்திரப்பட்டிச் சாலை குண்டும் குழியுமாகக் கிடப்பதைச் சொன்னாள். குடிநீர் வாரக் கணக்கில் வராததைச் சொன்னாள். மணி அடிக்கவில்லை, நேரம் இருந்தது.

“இன்னும் ஏதாவது உண்டா அம்மா?” என்று சபாநாயகர் கேட்டார்.

அனுசியா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கட்சி வரிசையைப் பார்த்தாள். எதிர் வரிசையைப் பார்த்தாள்.

“இவ்வளவுதான். நன்றி” என்று உட்கார்ந்தாள்.

சத்திரப்பட்டியில் சந்தனம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கடைசி வரை கேட்டான். “ரோட்டப் பத்தித்தான் பேசுதாவ” என்றான்.

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் பாண்டிசெல்வி, துணியைச் சுருட்டியபடி.

சாலை போட்டார்கள். உதவித்தொகை வந்தது. அனுசியாவின் வாசலில் கட்டியோடும் புண்ணோடும் வருகிறவர்களை இப்போது பெலிக்ஸே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறான். கட்டை மாற்ற விடாமல் வைத்தது நான், பாண்டிசெல்வி மேல் தப்பில்லை என்கிற பேச்சை அனுசியா அவளுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.